ஞானப்பூ டீச்சர் எந்த மிஷன்?

திருவொற்றியூரில் கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே இருக்கிறது பரிசுத்த பர்னபா ஆலயம். அங்கே "ஜெபம் செய்வோமாக" என்று சொன்னதும் சபை இரண்டாகப் பிரியும். சண்டை ஒன்றும் இல்லை. நடுவழிக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் மூட்டுகள் சொடுக்கு விட, மெல்ல இறங்கி முழங்காலில் நிற்பார்கள். இடப்பக்கம் இருப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் குனிந்துகொள்வார்கள். ஜெபம் முடிவதற்குள் இரண்டு பக்கத்தாரும் ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்து, 'இவங்க எப்பத்தான் திருந்துவாங்களோ ஆண்டவரே' என்று தனியாக ஒரு சின்ன விண்ணப்பமும் வைத்துக்கொள்வார்கள்.

வலப்பக்கத்தார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள். அவர்களுடைய பாட்டன்மாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன். அதில் அங்கி உண்டு, மெழுகுவர்த்தி உண்டு, முழங்கால் கட்டாயம் உண்டு. இடப்பக்கத்தார் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்தார். அவர்களுக்குச் சுவிசேஷம் சொன்னது லண்டன் மிஷன், அதாவது எல்.எம்.எஸ். அங்கே ஆடம்பரம் ஆகாது. மெழுகுவர்த்தி கரண்ட் போனால் மட்டும்தான்.

நாடு சுதந்திரம் அடைந்த மறுமாதமே இந்த மிஷன்களின் சபைகளும் மெத்தடிஸ்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டன. உலகமே ஆச்சரியப்பட்ட இணைப்பு அது. ஆனால் அந்தச் செய்தி பர்னபா ஆலயத்து முழங்கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

வலப்பக்கத்துக்குத் தலைவர் போல இருந்தவர் ஆசீர்வாதம். அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். வயது அறுபதைத் தாண்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாது. இடப்பக்கத்துக்கு சாலமோன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கம்பியும் தகடும் விற்கிறவர். அவர் பேசினால் கம்பி இறக்குகிற சத்தம்தான். இருவரும் முப்பது வருஷமாகச் சபைக் கமிட்டியில் இருக்கிறார்கள். ஒரு தீர்மானத்துக்காவது சேர்ந்து கை தூக்கியதாகச் சரித்திரம் இல்லை.

ஆலயத்துக்கு நூறு வயது நிறைகிற வருஷம் வந்தது. அதே வருஷம்தான் டோரதி அம்மா போதகராக வந்து சேர்ந்தார். ஒரு பெண் போதகராக வந்ததில் சபைக்குக் கொள்கை ரீதியாக ஆட்சேபம் எதுவும் இல்லை, கூப்பிடுவதில்தான் சிக்கல். தெற்கத்திக்காரர்கள் போதகரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் கூப்பிட்டுப் பழகியவர்கள். இப்போது ஐயரே அம்மா. துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் வெற்றியை என்னவென்று கூப்பிடுவது என்று கமிட்டியில் ஒருமுறை பேச்சு வந்து, முடிவு எட்டப்படாமல் தள்ளிவைக்கப்பட்டது.

"நூற்றாண்டு அசன விருந்தன்னிக்கு ஒரு பேச்சு வேணும். நம்ம திருச்சபையோட வரலாறு, அது இந்தச் சமுதாயத்துக்கு என்ன செஞ்சது, அவ்வளவுதான். யார் பேசறீங்க?" என்று டோரதி கேட்டார்.

இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம்.

டோரதி சிரித்தார். "நல்லது. ரெண்டு பேரும் சேர்ந்து பேசுங்க. ஒரே பேச்சு."

கமிட்டியில் யாரோ இருமினார்கள்.

எழுதுவதற்காக முதல் கூட்டம் சாலமோனுடைய கடையில் நடந்தது. வெளியே கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. டீ வந்தது. முதல் வாக்கியத்திலேயே தகராறும் வந்தது.

"திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துல தொழிற்பள்ளி வச்சது யாரு? எங்க எஸ்.பி.ஜி. அதுலேருந்து ஆரம்பிப்போம்," என்றார் ஆசீர்வாதம்.

"அதுக்கு முன்னாலயே தோள்சீலைப் போராட்டத்துல நம்ம பெண்டுகளுக்குக் கூட நின்னது யாரு ஓய்? எனக்க மிஷன். மார்பை மூடதுக்கு உரிமை இல்லாத காலம். அதுலேருந்து தொடங்கணும்."

"கைப்பிடி அரிசி தெரியுமாவே ஒமக்கு? வீட்டுக்கு வீடு பொம்பளைங்க உலையில போடுறதுக்கு முன்னால ஒரு பிடி அரிசி சபைக்குன்னு எடுத்து வைப்பாங்க. அதுலதான் பள்ளிக்கூடம் கட்டுனோம்."

"நீரு அரிசி வியாபாரி, அரிசியத்தான் பறையும். நாங்க லேசுத் துணி பின்னப் படிச்சுக் குடுத்தோம். பொம்பளை சொந்தக் கையால சம்பாதிச்சா."

உண்மையில் இரண்டும் பெருமைப்படக்கூடிய கதைகள்தான். இரண்டையும் எழுதியிருக்கலாம். ஆனால் இருவருக்கும் வேண்டியிருந்தது வேறு. ஆலயத்தை ஒட்டி ஓட்டுக் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. முதலில் பெண்கள் பள்ளி. இப்போது எல்லோரும் படிக்கிறார்கள். பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்பிள்ளைகள் முதன்முதலாக எழுத்துப் படித்தது அங்கேதான். அதைத் தொடங்கியது யாருடைய மிஷன்?

அடிக்கல் இருக்கிறது. ஆனால் அது கடலைப் பார்த்த சுவரில் இருக்கிறது. நூறு வருஷத்து உப்புக்காற்று எழுத்துகளைத் தின்றுவிட்டது. 'எஸ்' என்கிற ஆங்கில எழுத்து ஒன்றுதான் மிச்சம்.

"எஸ்.பி.ஜி." என்றார் ஆசீர்வாதம், கல்லைத் தடவிக்கொண்டே.

"எல்.எம்.எஸ்." என்றார் சாலமோன். "கடைசி எழுத்து ஓய், கடைசி எழுத்து."

அங்கே படித்த யாரையாவது கேட்பது என்று தீர்மானம் ஆயிற்று. வயதானவர்களில் நினைவு தெளிவாகவும் வாய் அதைவிடத் தெளிவாகவும் இருப்பவர் பச்சையம்மா. குப்பத்தில் இரண்டு ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரி. ஏலத்தில் அவள் குரல் எழுந்தால் மற்ற குரல்கள் அடங்கும். அம்மன் பக்தை, நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமம். இருவரும் ஆசீர்வாதத்தின் ஸ்கூட்டரில் போனார்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் இடுக்கில், பின்னால் உட்கார்ந்திருந்த சாலமோன் வழிநெடுகக் கட்டளையிட, ஆசீர்வாதம் அதற்கு நேர்மாறாக ஓட்டினார்.

பச்சையம்மா வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் போனில் யாரையோ திட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஜோடி போட்டுகினு வந்துகிறீங்க? யாராச்சும் பூட்டாங்களா?"

"யாரும் போகலம்மா," என்றார் ஆசீர்வாதம். "நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்திக் கேக்கணும். ஒனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரு?"

"ஞானப்பூ டீச்சரு," என்றாள் பச்சையம்மா உடனே. பெயரைச் சொல்லும்போது முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் எதிரில் வந்து நிற்பது போல இருந்தது அது.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு ஏழு வயதோ எட்டோ இருக்கும். கருவாடு காயவைக்கிற இடத்தில் காக்கா விரட்டுவது அவள் வேலை. ஒரு நாள் காலையில் வெள்ளைப் புடவையும் குடையுமாக டீச்சர் வந்து, இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பொட்டச்சி படிச்சி கலெக்டராவப் போறாளா? போம்மா அந்தாண்ட" என்றாள்.

"டீச்சரு போவல. கொடய மடக்கி வெச்சாங்க. கருவாடு காயிற மண்ணுல, அந்த வெள்ளப் பொடவையோட குந்திகினாங்க. 'பொண்ண அனுப்புற வரிக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்'னாங்க. வெயிலு ஏறுது. நாத்தம் பொளக்குது. வர்றவன் போறவன்லாம் எங்க அம்மாவப் பாத்து சிரிக்கிறான். 'டீச்சரம்மாவ மண்ணுல குந்த வெச்சிகினு இன்னாடி பண்றே'ன்னு கேக்குறான். சாயங்காலம் எங்க அம்மாவே என் கையப் புடிச்சி இஸ்துகினு போயி வுட்டா."

ஆசீர்வாதம் ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கு முக்கியமான கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. "ஜெபம் பண்ணும்போது அந்த டீச்சர் முழங்கால் போடுவாங்களா?"

"அவங்க போட்டாங்களோ இன்னாவோ, என்னப் போட வெச்சாங்க. வாய்ப்பாடு வரலன்னா வெளிய மண்டிதான்."

"பாத்தீரா!" ஆசீர்வாதம் துள்ளினார். "முழங்கால்! எஸ்.பி.ஜி.!"

"மண்ணுல உக்காந்தாங்கன்னு முதல்ல சொன்னது ஒமக்குக் கேக்கலியா?" என்றார் சாலமோன். "உக்காந்தாங்க! எல்.எம்.எஸ்.!"

பச்சையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா, வெயிலா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, "சினேகா, ரெண்டு சோடா கொண்டாம்மா" என்றாள். சினேகா அவளுடைய மருமகள்.

சோடா குடித்துக்கொண்டே சாலமோன் பேச்சை எழுதுவதற்கு ஏற்ற மாதிரி கேட்டார்: "செரி, அந்தப் படிப்பினால ஒனக்கு என்ன பிரயோஜனம்?"

"கலெக்டரு ஆவல," என்றாள் பச்சையம்மா. "ஆனா ஒண்ணு. பேப்பர் படிப்பேன். ஏலக் கொட்டாயில நான் படிப்பேன், மத்தவங்க கேப்பாங்க. ஒரு வருசம் புயலுன்னு போட்டுக்கீது. ஆம்பளைங்களுக்கு அன்னிக்கி நல்ல மீன்பாடு வர்ற நேரம். 'பேப்பர்காரன் டெய்லி தான் போடுறான்'னுட்டு கடல்ல போட்டத் தள்ளுறானுங்க. என் வூட்டுக்காரரும்தான். கத்திப் பாத்தேன். அழுது பாத்தேன். அப்பால டீச்சரு ஞாபகம் வந்திச்சி. போட்டுக்கு முன்னால, தண்ணி வந்து மோதுற எடத்துல குந்திகினேன். 'என் மேல ஏத்திகினு போ'ன்னேன். என்னப் பாத்து நாலு பொம்பளைங்க குந்திகினாங்க. அப்பால இன்னும் கொஞ்சம் பேரு. ஒரு போட்டும் போவல."

"புயல் வந்துச்சா?"

"வந்திச்சி. பக்கத்துக் குப்பத்துல போனவங்க திரும்பல."

வலையில் உட்கார்ந்த காக்காயை யாரும் விரட்டவில்லை. சாலமோனின் கையிலிருந்த சோடா நுரை அடங்கிப்போயிருந்தது.

ஆசீர்வாதம்தான் கேட்டார், குரல் இறங்கி: "டீச்சருக்குச் சொந்த ஊர் எது?"

"தரங்கம்பாடி. ஞாயித்துக்கெயம உங்க கோயிலுக்கு வர மாட்டாங்க. பஸ்ஸு புடிச்சி ராயபுரம் பக்கம் போவாங்க. கேட்டா, 'எங்க கோயிலு வேறடி'ம்பாங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தரங்கம்பாடி என்றால் எந்தத் திருச்சபைக்காரருக்கும் விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த புராட்டஸ்டண்டு மிஷனரிகள் அங்கேதான் இறங்கினார்கள். அவர்கள் லுத்தரன்கள்.

"மூணாவது ஆளு," என்றார் சாலமோன் ஈனக்குரலில்.

அவர்கள் கிளம்பும்போது பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். இப்ப நான் கேக்குறேன். வருசா வருசம் உங்க அசனத்துக்கு வரோம். வாங்க குந்துங்க, துன்னுங்க, போங்கங்கிறீங்க. ஒரு தபா, வாம்மா பச்சையம்மா, ஒரு கை புடின்னு கூப்ட்டீங்களா? இந்த தபா மீன் கொயம்பு எங்களுது. மீனும் எங்களுது, ஆக்குறதும் நாங்க, போடுறதும் நாங்க."

இருவரும் கமிட்டியில் பேசிச் சொல்கிறோம் என்றார்கள். மாட்டேன் என்பதைச் சபைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் ராயபுரத்தில் ஒரு லுத்தரன் ஆலயத்துக்குப் போனார்கள். அங்கே அலுவலகத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் அன்பாக வரவேற்று, விஷயத்தைக் கேட்டு மகிழ்ந்து, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஞானப்பூ டீச்சர்... ரொம்பச் சந்தோஷம். லுத்தரன்னா எந்த லுத்தரன்?"

"எந்த லுத்தரன்னா?"

"ஜெர்மனி, ஸ்வீடன்காரங்க வழியில வந்தவங்க இருக்கோம். அமெரிக்காவுல மிசோரி வழியில வந்தவங்களும் இருக்காங்க. நாங்க வேற, அவங்க வேற. ரெண்டு பேரும் லுத்தரன்தான், ஆனா பாருங்க..." என்று அவர் வித்தியாசத்தை விளக்கத் தொடங்கினார். நியாயமான விளக்கம்தான். நீளமும் நியாயமான நீளம்.

வெளியே வந்ததும் ஆசீர்வாதம் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தோள் குலுங்கியது. சாலமோன் பதறிப்போய், "என்ன ஓய், நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டார். ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாலமோனுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு ஆலயத்து வாசலில் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து, எதிரே பழம் விற்கிறவர் 'பாவம்' என்பது போல் தலையை ஆட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி ஜெமிமா என்ன என்று கேட்டாள்.

"வெள்ளைப் புடவையோட கருவாட்டு மண்ணுல உக்காந்திருக்கா ஜெமி அந்த அம்மா. நாம நூறு வருஷமா என்னத்தப் பேசிக்கிட்டு இருக்கோம்?"

"நீங்களும்தான் உக்காந்திருக்கீங்க," என்றாள் ஜெமிமா, தட்டை எடுத்துக்கொண்டே. "கமிட்டியில."

நடந்ததைக் கேட்ட டோரதி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்த வேணாம்" என்றார்.

"சபைக்குக் கொஞ்சம் அவமானமா இருக்காதா?" என்று ஆசீர்வாதம் தயங்கினார்.

"எங்க தாத்தா மெத்தடிஸ்ட். எங்களுக்குப் பாடறதுக்கே நேரம் சரியா இருந்தது, அவமானப்பட நேரமில்ல," என்றார் டோரதி. "மீன் குழம்பு விஷயம் என்னாச்சு?"

மீன் குழம்பு கமிட்டிக்கு வந்தது. அசனம் என்பது தெற்கத்திச் சபைகளின் பொது விருந்து. யார் வந்தாலும், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் ஒரே வரிசையில் இலை போட்டு உட்காரவைப்பார்கள். ஒரு காலத்தில் ஊரே கொதித்த கலகம் அது. இப்போது கறித்துண்டு சின்னதாக இருந்தால்தான் கலகம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சாம்பார், ரசம் என்று அதற்கு ஒரு முறை உண்டு.

ஆசீர்வாதம் எழுந்தார். டீச்சரின் கதை அவரை அசைத்திருந்தது உண்மை. ஆனால் அது வேறு, ஆட்டுக்கறி வேறு. "அசனம்னா ஆடு. நம்ம முன்னோர் வச்ச முறை. மீன் குழம்பு கிழம்புன்னு மாத்திக்கிட்டே போனா நாளைக்கு அசனம்னு ஒண்ணு இருக்காது. வேதத்துலயே பாருங்க, விருந்துன்னா கொழுத்த கன்று, ஆட்டுக்குட்டி..."

எல்லோரும் சாலமோனைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்வார் என்று தெரியும்; ஆசீர்வாதம் சொன்னதற்கு எதிராக எதையாவது சொல்வார். ஆனால் அன்று அவர் முகத்தில் வழக்கமான வீம்பு இல்லை. ஏதோ ஒரு ஏக்கம் தெரிந்தது. மார்த்தாண்டத்துக்காரருக்கு மீன் இல்லாத விருந்து விருந்தே அல்ல. முப்பது வருஷமாக அசனத்தில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மீன்குழம்பில் ஒரு பிடி பிசைந்துகொள்வது அவர் வழக்கம். இது யாருக்கும் தெரியாது.

"ஆண்டவரு ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்டாரே," என்றார் சாலமோன் மெதுவாக. "அஞ்சு அப்பமும் ரெண்டு ஆடுமா ஓய்?"

கமிட்டி முழுக்கச் சிரித்தது. "அது... எல்.எம்.எஸ். வியாக்கியானம்," என்றார் ஆசீர்வாதம்.

ஓட்டெடுப்பில் ஆடும் இருக்கட்டும், மீனும் இருக்கட்டும் என்று முடிவானது.

அசன நாளில் காலையிலேயே குப்பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆலயத்துக்குப் பின்னால் மூன்று அடுப்பு மூட்டினார்கள். புளி கரைத்தார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சபைப் பெண்களின் வேலையைப் பார்த்துவிட்டு, "இப்படியா உரிப்பாங்க?" என்று வாங்கி அவர்களே உரித்தார்கள். ஜெமிமா ஆரம்பத்தில் ஓரமாக நின்றாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு சினேகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் அலசினாள். குழம்பு கொதிக்க ஆரம்பித்ததும் மணலி ஆலைகளின் பக்கமிருந்து வரும் காற்றின் வாடையே அடங்கிவிட்டது என்று டோரதியின் கணவர் வெற்றி சொன்னார். அது மிகை. ஆனால் ஆராதனை முடிவதற்குள் முன்வரிசையிலேயே பலருக்குக் கவனம் சிதறியது உண்மை.

பேச்சுக்கு இருவரும் சேர்ந்து மைக் முன்னால் போனார்கள். ஆசீர்வாதம் தொடங்கினார். நாசரேத்தைச் சொன்னார், கைப்பிடி அரிசியைச் சொன்னார். சாலமோன் தோள்சீலையையும் லேசுப் பின்னலையும் சொன்னார். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. பிறகு ஆசீர்வாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"இதை யார் தொடங்கினாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. தேடிப் பார்த்தோம். கண்டுபிடிக்க முடியல. ஆனா இதுல பாடம் சொல்லிக் குடுத்த ஒரு அம்மாவைக் கண்டுபிடிச்சோம். அவங்க எங்க மிஷனும் இல்ல, இவங்க மிஷனும் இல்ல. அவங்க ஒரு நாள் கருவாடு காயிற மண்ணுல..."

அங்கே அவருக்குக் குரல் நின்றுவிட்டது. எவ்வளவோ கூட்டங்களில் பேசியவர். தண்ணீர் குடித்தார். அப்படியும் வரவில்லை. சாலமோன் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "உக்காந்தாங்க," என்று அந்த வாக்கியத்தை முடித்துவைத்தார். அவர் குரலும் கம்பி இறக்குகிற மாதிரி இல்லை.

"அண்ணாச்சி, சத்தமா சொல்லு, பின்னால காதுல வுழல!" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

டோரதி அந்தக் குரலை முன்னால் வரச் சொன்னார். பச்சையம்மா கையில் கரண்டியோடு வந்தாள். மைக்கைப் பார்த்ததும் முதலில் அதட்டலாக "டெஸ்ட்டு, டெஸ்ட்டு" என்றாள். பிறகு டீச்சரைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் சொன்னாள். அன்று அவள் வீட்டு வாசலில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னாள். அந்தப் புயல் நாளில் தண்ணீரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் அப்போது பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னாள். சபை திரும்பிப் பார்த்தது. அவர்கள் கஞ்சி வடிகிற பானையை விட முடியாமல் அங்கிருந்தே கையை ஆட்டினார்கள்.

"அவ்ளோதான். கொயம்பு அடி புடிக்குது," என்று பச்சையம்மா இறங்கிப் போய்விட்டாள்.

வழக்கமாகக் கமிட்டிக்காரர்கள் கடைசியில், உள்ளறையில், மேஜை போட்டுச் சாப்பிடுவார்கள். அன்று பச்சையம்மா அந்த மேஜையின் மேல் அப்பளக் கூடைகளை அடுக்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் ஆசீர்வாதமும் சாலமோனும் பந்தலில் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆசீர்வாதத்தின் ஒரு பக்கம் சாலமோன். மறுபக்கம் டேங்கர் லாரி ஓட்டுகிற பிலால். சாப்பாட்டு வாசம் பிடித்து ரோட்டிலிருந்து வந்தவர். மூவர் இலையிலும் பச்சையம்மாவே குழம்பு ஊற்றினாள். ஆசீர்வாதம் கொள்கைப்படி ஆட்டுக்கறியை முதலில் தொட்டார். பிறகு, பார்க்கலாம் என்று, மீனில் ஒரு விரல்.

"எப்பிடி?" என்றாள் பச்சையம்மா.

"புளி கொஞ்சம் தூக்கல்," என்றார் ஆசீர்வாதம். மூன்றாம் முறை குழம்பு கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் சபைக்கு நிம்மதி. ஆடி மாதம் பிறந்ததும் பச்சையம்மா ஆலயத்துக்கு வந்தாள். குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். "நாங்க வந்து உங்களுக்கு ஊத்துனோமில்ல? இப்ப நீங்க வந்து எங்களுக்கு ஊத்துங்க. துன்ன மட்டும் வராதீங்க."

கமிட்டி அவசரமாகக் கூடியது. புராட்டஸ்டண்டு ஒருவர் அம்மன் கோயில் கூழை அகப்பையில் மொள்ளலாமா? பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதில் இந்தச் சங்கதிக்கு நெருக்கமாக ஒரு அதிகாரம் இருக்கிறது. அதன் முன்பாதியை ஆசீர்வாதம் வாசித்தார். 'உலகத்திலே விக்கிரகமானது ஒன்றுமில்லை', ஆகவே போகலாம். பின்பாதியை சாலமோன் வாசித்தார். பலவீனமான சகோதரனுக்கு இடறல் உண்டாக்கக் கூடாது. ஆகவே யோசிக்க வேண்டும்.

"யார் அந்தப் பலவீனமான சகோதரன்?" என்று டோரதி கேட்டார்.

கமிட்டியில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே போவது என்றும், கூழ் குப்பத்தாரே ஊற்றட்டும், சபையார் பந்தலுக்கு வெளியே நின்று கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயமும் மாங்காயும் கொடுப்பது என்றும் ஒரு தீர்மானம் ஆனது. அன்றைய தீர்மானத்துக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் கை தூக்கியதை டோரதி கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆடி ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, கஞ்சி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆசீர்வாதம் ரோட்டோரம் வெங்காயக் கூடையோடு நின்றார். சாலமோன் மாங்காய்ச் சட்டியோடு நின்றார். பம்பையும் உடுக்கையும் முழங்க, வேப்பிலை கட்டிய பானைகள் வந்தன. கூட்டம் நெருக்கியது. கூழ் ஊற்றுகிறவர்களுக்குக் கை போதவில்லை. பச்சையம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. ஒரு பெரிய அகப்பையைக் கொண்டுவந்து ஆசீர்வாதத்தின் கையில் திணித்தாள்.

அவர் சாலமோனைப் பார்த்தார். கமிட்டித் தீர்மானத்தில் அகப்பை இல்லை.

"என்ன ஓய் பாக்குதீரு, ஆளுக நிக்குது," என்றார் சாலமோன். "ஊத்தும்."

ஆசீர்வாதம் மொண்டு ஊற்றினார். முதல் சொம்பில் பாதி அவர் வேட்டியில் விழுந்தது.

"ஐயே அண்ணாச்சி!" பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அரிசி மூட்டையா அது? கையத் தாழ்த்திப் புடி நைனா, தாழ்த்திப் புடி!"

அவர் கையைத் தாழ்த்திப் பிடித்தார். அடுத்த சொம்பு நீண்டது.